கடலோர வீட்டுக்கு ஈஸ்மென்ட் கடிதம் வந்தால்: நியூ ஜெர்சியில் புதிதாக வீடு வாங்குபவர்களுக்கு

லாங் பீச் தீவில் வீடு வாங்கிய நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மாலை போன் செய்தார். குரலே சரியில்லை. "பின்பக்கம் கடலைப் பார்த்த நிலத்தை அரசாங்கம் எழுதி வாங்கியிருக்காங்களாம். விற்றவர் வாயே திறக்கலை. ஏமாந்துட்டேன் போலிருக்கு" என்றார். நேரில் போய்க் காகிதங்களைப் பிரித்துப் பார்த்தோம். க்ளோசிங்கில், அதாவது கிரயம் முடிக்கும் நாளில், கொடுத்த காகிதங்களைச் சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பினோம். அவற்றுள் எட்டுப் பக்கப் பத்திரம் ஒன்று இருந்தது. பழைய உரிமையாளர் கையெழுத்து, நோட்டரி முத்திரை, கடைசிப் பக்கத்தில் நில வரைபடம். வரைபடத்தில் கடல் பக்கம் ஒரு பட்டை மட்டும் சாய்கோடு போட்டு நிழலாக்கியிருந்தது. புயல் சேதத்தைக் குறைப்பதற்கான நிரந்தர ஈஸ்மென்ட் என்று தலைப்பு.

அவரை யாரும் ஏமாற்றவில்லை. வாங்குவதற்கு முன்பே படித்திருக்க வேண்டிய காகிதம் அது. அன்று இரவு அவருக்கு விளக்கிச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். நியூ ஜெர்சியின் உட்பகுதியில் எடிசன் ஊர்ப் பக்கம் குடியிருந்து, கொஞ்சம் பணம் சேர்த்து, கடற்கரையில் ஒரு வீடு வாங்கலாமா என்று யோசிக்கும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களுக்கு இது உதவ வேண்டும்.

ஈஸ்மென்ட் என்றால் என்ன

ஊரில் பழைய கிரயப் பத்திரங்களில் "மாமூல் வழிநடை பாத்தியம் உட்பட" என்று ஒரு வரி வரும். நிலம் ஒருவருடையது, அதில் நடந்து போகும் உரிமை இன்னொருவருடையது. ஈஸ்மென்ட்டும் அதே வகைதான். நிலம் உங்கள் பெயரில்தான் இருக்கும், வரியும் நீங்கள்தான் கட்டுவீர்கள். ஆனால் குறிப்பிட்ட ஒரு துண்டில் குறிப்பிட்ட சில வேலைகளைச் செய்ய அரசுக்குப் பாத்தியம் உண்டு. கடற்கரை ஈஸ்மென்ட்டில் அந்த வேலை மணல் கொட்டுவது, மணல்மேடு எழுப்புவது, அதைக் காலாகாலத்துக்கும் பராமரிப்பது.

ஏன் இது இவ்வளவு பெரிய விஷயமானது என்று புரிய 2012 அக்டோபர் 29-க்குப் போக வேண்டும். அன்று இரவு சாண்டி புயல் பிரிகன்டைன் அருகே கரை கடந்தது. மேன்டலோக்கிங் என்ற சின்ன ஊரில், பாலம் தரையைத் தொடும் இடத்திலேயே கடல் நிலத்தை அறுத்துக்கொண்டு உள்ளே வந்து மறுபக்கம் இருந்த உப்பங்கழியோடு சேர்ந்துவிட்டது. வீடுகள் இருந்த இடத்தில் தண்ணீர் ஓடியது. அதே இரவில், லாங் பீச் தீவில் ஏற்கெனவே மணல்மேடு கட்டி முடித்திருந்த சர்ஃப் சிட்டியும் ஹார்வி சீடர்ஸும் மேடு இல்லாத பகுதிகளைவிட நன்றாகவே தாக்குப்பிடித்தன.

அதற்கு அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் நிவாரண நிதி ஒதுக்கியது. ராணுவப் பொறியாளர் படை மணலைக் கொட்டத் தயாரானது. ஆனால் தனியார் நிலத்தில் மேடு கட்ட உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். ஆயிரக்கணக்கான கையெழுத்துகள். பெரும்பாலோர் போட்டார்கள். சில நூறு பேர் மறுத்தார்கள். ஓஷன் கவுன்டியின் (கவுன்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) வடக்குப் பகுதியில் வேலை தொடங்கவே 2017 ஆகிவிட்டது. வழக்குகள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறும். மணல்மேட்டில் ஒரு வீட்டு அகலத்துக்கு இடைவெளி விட்டால், தண்ணீர் அதன் வழியாக வந்து பின்தெருவில் குடியிருப்பவரின் வீட்டுக்குள் நுழையும். அவர் பேச்சுவார்த்தையில் எங்குமே இல்லாதவர்.

முதல் படி: உங்கள் எல்லை எதுவரை

நியூ ஜெர்சியில் கடற்கரை வீட்டின் எல்லை சராசரி ஓதக் கோட்டோடு முடிகிறது, அதாவது கடல் ஏற்றத்தில் தண்ணீர் சராசரியாக வந்து தொடும் கோடு. அதற்குக் கீழே ஈரமணலும் கடலும் மாநிலத்துடையவை, பொதுமக்களுக்கானவை. எல்லைக்கு மேலே இருக்கும் உலர்ந்த மணல் தனியாருடையதாக இருந்தாலும், பொதுமக்களுக்கு அதில் நியாயமான அளவு உரிமை உண்டு என்று மாநில உச்ச நீதிமன்றம் 1984-லும் 2005-லும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. ஆகவே "என் மணலில் யாரும் கால் வைக்கக் கூடாது" என்ற எண்ணத்தோடு இங்கே வீடு வாங்காதீர்கள். ஈஸ்மென்ட் இல்லாவிட்டாலும் அது நடக்காது.

சர்வேயரை வைத்துப் புதிதாக அளக்கச் சொல்லுங்கள். பழைய சர்வேயை விற்பவர் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொள்ளலாம், நம்பக் கூடாது. கடற்கரை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டே இருக்கும்.

இரண்டாம் படி: வில்லங்கம் பாருங்கள்

நம் ஊரில் வில்லங்கச் சான்று எடுக்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. இங்கே வந்ததும் "டைட்டில் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்று, நில உரிமைப் பதிவுகளைச் சரிபார்க்கும் நிறுவனத்திடம் விட்டுவிடுகிறோம். டைட்டில் கம்பெனி பார்க்கத்தான் செய்யும். பார்த்துவிட்டு, அறிக்கையில் இருபது வரிகளுக்கு நடுவே ஒரு வரியாக, புத்தக எண்ணும் பக்க எண்ணும் போட்டு எழுதிவிடும். என் நண்பருடைய அறிக்கையிலும் அந்த வரி இருந்தது. அந்த எண்ணைக் கொண்டு கவுன்டி கிளார்க் அலுவலகப் பதிவுகளில் மூலப் பத்திரத்தையே எடுத்துப் படிக்க வேண்டும். லாங் பீச் தீவு என்றால் டாம்ஸ் ரிவரில் இருக்கும் ஓஷன் கவுன்டி அலுவலகம். ஈஸ்மென்ட் நிலத்தோடு ஒட்டியது, ஆளோடு அல்ல. பழைய உரிமையாளர் போட்ட கையெழுத்து உங்களையும், உங்களுக்குப் பின் வாங்குபவரையும் கட்டும்.

2024 மார்ச் 20 முதல் இன்னொரு வசதியும் இருக்கிறது. வீட்டை விற்பவர் வெள்ள அபாயம் பற்றித் தனக்குத் தெரிந்ததை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று மாநிலச் சட்டம் வந்திருக்கிறது. அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாம் படி: பத்திரத்தை வரி வரியாகப் படியுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். வக்கீல் வைத்திருந்தாலும் நீங்களும் படியுங்கள். ராணுவப் பொறியாளர் படையின் மாதிரி வாசகத்தை ஒட்டியே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும்.

அரசுக்குக் கிடைப்பவை: அந்தப் பட்டையில் பொதுக் கடற்கரையும் மணல்மேடும் அமைக்க, ரோந்து பார்க்க, பழுது பார்க்க, மறுபடி கட்ட உரிமை. மணல் கொட்டவும் தரையின் மட்டத்தை மாற்றவும் உரிமை. இயந்திரங்களைக் கொண்டுவந்து நிறுத்தி வைக்க, தற்காலிகக் கட்டுமானம் போட, புல் நட, இடைஞ்சலாக இருப்பதை வெட்டி அகற்ற உரிமை. பொதுமக்கள் அந்தக் கடற்கரையைப் பயன்படுத்தும் உரிமையும் அதிலேயே அடங்கும்.

இந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள், வீட்டுத் திண்ணையில் வந்து ஆட்கள் உட்கார்ந்துகொள்வார்களோ என்று. உட்கார முடியாது. உரிமை நிழலாக்கிய பட்டைக்குள் மட்டும்தான். அதிலும் மணல்மேட்டின் மேல் யாரும் ஏறக் கூடாது, வேலி போட்டிருப்பார்கள். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கடற்கரையில்தான் ஜனங்கள் இருப்பார்கள்.

உங்களுக்கு மிஞ்சுபவை: நிலத்தின் உரிமை, ஈஸ்மென்ட்டுக்கு இடைஞ்சல் செய்யாத எல்லாப் பயன்பாடும். மேட்டுக்குச் சேதம் வராத வகையில், அனுமதி பெற்று, அதன் மேல் கடந்துபோக மரப்படி கட்டிக்கொள்ளும் உரிமையும் மாதிரி வாசகத்திலேயே இருக்கிறது. உங்கள் பத்திரத்தில் அது விட்டுப்போயிருக்கிறதா என்று கண்டிப்பாகப் பாருங்கள். படி இல்லாவிட்டால் கடலோர வீட்டில் இருந்துகொண்டே, கடலுக்குப் போகத் தெருமுனை வரை நடந்து சுற்ற வேண்டியிருக்கும்.

அப்புறம் "நிரந்தரம்" என்ற சொல். லாங் பீச் தீவுத் திட்டத்தின் ஆயுள் 50 ஆண்டு, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மணல் நிரப்புவது கணக்கு. பாத்தியத்துக்கோ முடிவுத் தேதி கிடையாது. மணல் நிரப்பும் பணம் ஆண்டுதோறும் வாஷிங்டனிலிருந்து வர வேண்டும், சில ஆண்டு வராமலும் போகும். பணம் வராத ஆண்டிலும் உங்கள் நிலத்தின் மீதுள்ள பாத்தியம் அப்படியே இருக்கும். இதை ஒரு குறையாகவே நான் பார்க்கிறேன். அதற்காகக் கையெழுத்தை மறுக்கச் சொல்லவில்லை, தெரிந்து போடுங்கள்.

நான்காம் படி: எழுத்தில் கேட்க வேண்டியவை

கடிதம் புதிதாக உங்களுக்கே வந்திருந்தால், கையெழுத்துக்கு முன் நகராட்சியிடம் சில விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்.

உங்கள் வீட்டுக்கு நேரே மேட்டின் உயரம் எவ்வளவு, அதன் அடி எந்த இடத்தில் தொடங்குகிறது? ஊருக்கு ஊர் இது மாறும். லாங் பீச் தீவில் மேட்டின் உச்சி 22 அடி. அட்லான்டிக் சிட்டியில் 14.75 அடி, பக்கத்திலேயே வென்ட்னர், மார்கேட், லாங்போர்ட்டில் 12.75 அடி. இந்த அடிகள் உங்கள் முற்றத்திலிருந்து எண்ணுவதல்ல, கடல்மட்டத்தை ஒட்டிய ஒரு நிலையான அளவுகோலிலிருந்து எண்ணுவது. உங்கள் தரை 12 அடியில் இருந்தால் 22 அடி மேடு உங்கள் கண்ணுக்கு 10 அடிச் சுவராகத் தெரியும். நண்பர் வீட்டில் இதைக் கயிறு கட்டிப் பார்த்தோம். கீழ்த்தள மேடையில் நாற்காலியில் உட்கார்ந்தால் புல்தான் தெரிகிறது. எழுந்து நின்றால் ஒரு கோடு மாதிரிக் கடல். மாடியில் முழுக் கடலும் அப்படியே இருக்கிறது. வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், வீட்டைக் காட்டுபவர் உங்களை நேராக மாடிக்குத்தான் அழைத்துப் போவார்.

மழைத்தண்ணீர் எங்கே போகும்? இந்தக் கேள்வியை யாரும் முதலில் நினைப்பதில்லை. மார்கேட் ஊரார் கடலைத் தடுக்க ஏற்கெனவே இருந்த பலகைச் சுவரே போதும், மேடு வேண்டாம் என்று பல ஆண்டு எதிர்த்தார்கள், வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள், நீதிமன்றம் போனார்கள். கடைசியில் 2017-ல் மேடு எழும்பியது. அந்தக் கோடையில் மழை பெய்தபோது மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் குளமாகத் தேங்கி நின்றது. நீதிபதி வேலையைத் தற்காலிகமாக நிறுத்தினார், பிறகு கடலுக்குள் வடிகால் குழாய்கள் போட்டார்கள். அந்த ஊர் மேட்டை எதிர்த்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் தண்ணீரைப் பற்றி அவர்கள் பயந்தது தவறில்லை.

வாய்மொழியாகவோ ஒப்பந்தத்திலோ நகராட்சி தரும் உறுதி எதுவரை செல்லும்? ஓஷன் சிட்டியில் முன்பு ஈஸ்மென்ட் கேட்டபோது, மேட்டைக் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வளரவிட மாட்டோம், காட்சி மறையாது என்று நகராட்சி எழுதிக் கொடுத்தது. பின்னால் மாநில விதிகள் மாறின. மேட்டை வெட்டிக் குறைக்க அனுமதி கிடைக்கவில்லை, மேடு வளர்ந்துவிட்டது. 2013-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாக்கைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு நகராட்சியைக் குறை சொல்லவில்லை, ஆனாலும் உரிமையாளர்களுக்கு இழப்பீடு உண்டு என்றது. அவர்கள் கையில் எழுத்து இருந்தது. வெறும் வாய்ப்பேச்சாக இருந்திருந்தால் எதைக் காட்டிக் கேட்டிருப்பார்கள்?

வீட்டுக்கடன் இருந்தால் வங்கிக்கும் தெரியப்படுத்துங்கள். அவர்களுடைய சம்மதக் காகிதம் வர வாரக்கணக்கில் ஆகும்.

ஐந்தாம் படி: போடுவதா, மறுப்பதா

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். மேலே சொன்னவை சரியாக இருந்தால் போடுங்கள்.

மறுத்தால் லட்சக்கணக்கில் இழப்பீடு கிடைக்கும் என்று ஒரு பேச்சு இன்னும் சுற்றுகிறது. அது ஹார்வி சீடர்ஸ் வழக்கிலிருந்து வந்தது. அங்கே ஒரு தம்பதி மறுத்தார்கள். மேடு காட்சியை மறைக்கிறது என்பது அவர்கள் வாதம். நகராட்சியின் மதிப்பீட்டாளர் 300 டாலர் என்றார், ஜூரி 3,75,000 டாலர் கொடுத்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது. இந்த அளவு கொடுத்தால் எந்த ஊருமே மேடு கட்ட முடியாது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2013 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. காட்சி போனதை மட்டும் கணக்கிடக் கூடாது, மேடு தரும் பாதுகாப்பால் வீட்டின் விலை எவ்வளவு கூடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. வழக்கு திரும்ப விசாரணைக்குப் போனது. கடைசியில் அந்தத் தம்பதி சமரசத்தில் ஏற்றுக்கொண்ட தொகை 1 டாலர். பேச்சைக் கேட்டவர்கள் பலருக்கு இந்த இரண்டாம் பாதி தெரிவதே இல்லை.

மறுத்தால் என்ன நடக்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதே 2013 செப்டம்பரில் அப்போதைய ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி ஓர் ஆணை போட்டார், அதன்பின் மாநிலமே நேரடியாகக் கையகப்படுத்தும் வேலையில் இறங்கியது. பே ஹெட் ஊரில் தங்கள் செலவில் கற்சுவர் கட்டிக் காத்து வந்தவர்கள்கூட எதிர்த்துப் போராடித் தோற்றார்கள். கையகப்படுத்தும் முறை 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப் போகும். முதலில் மதிப்பீட்டாளர் வருவார், அவரோடு கூட நடந்து சுற்றிப் பார்க்க உங்களை அழைக்க வேண்டும். தவறாமல் போங்கள், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் அழைத்துப் போய்க் காட்டுங்கள். அப்புறம் எழுத்தில் ஒரு தொகை சொல்வார்கள். பதில் சொல்லக் குறைந்தது 14 நாள் தருவார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு, அந்தத் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். மூன்று ஆணையர்கள் இழப்பீட்டை நிர்ணயிப்பார்கள். அதுவும் பிடிக்காவிட்டால் 20 நாளுக்குள் மேல்முறையீடு செய்து ஜூரியிடம் போகலாம்.

நீதிமன்றத்தில் கட்டிய பணத்தை எடுத்துக்கொண்டாலும், தொகை போதாது என்று வாதாடும் உரிமை போகாது. ஆனால் நிலத்தைக் கையகப்படுத்துவதே தவறு என்று வாதாட நினைப்பவர்கள், பணத்தைத் தொடுவதற்கு முன் வக்கீலிடம் பேசிவிடுங்கள். தொகைக்காக மட்டும் சண்டை போட்டால் வக்கீல் செலவு பொதுவாக உங்கள் பையிலிருந்துதான் போகும்.

உண்மையிலேயே இழப்பு பெரிதாக இருக்கும் வீடுகளும் உண்டு. ஒரே தளம், தாழ்ந்த தரை, மேட்டின் அடி வீட்டுச் சுவரை ஒட்டி வருகிறது என்றால், சொந்தமாக ஒரு மதிப்பீட்டாளரை வைத்து நியாயமான இழப்பீடு கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, அதில் சுயநலம் எதுவும் இல்லை.

ஆறாம் படி: கையெழுத்துக்குப் பிறகு

மணல் நிரப்பும் வேலை இரவும் பகலும் நடக்கும். தூர்வாரும் கப்பல் கடலடியிலிருந்து மணலை உறிஞ்சி, தண்ணீரோடு கலந்து, இரும்புக் குழாய் வழியாகக் கரைக்கு அனுப்பும். புல்டோசர்கள் அதைப் பரப்பும். பின்னால் போகும்போது அடிக்கும் பீப் சத்தம் தூங்க விடாது. ஒரு நேரத்தில் கடற்கரையில் ஏறக்குறைய ஆயிரம் அடி நீளத்துக்கு ஆட்கள் வராதபடி மூடுவார்கள், முடிந்ததும் அடுத்த துண்டுக்கு நகர்வார்கள். வேலைக்கு முன் வீட்டைச் சுற்றித் தேதியோடு படம் எடுத்து வையுங்கள்.

மேட்டில் நட்டிருக்கும் புல்லை மிதிக்காதீர்கள், குழந்தைகளைச் சறுக்கி விளையாட விடாதீர்கள். அந்தப் புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று தோட்டக்காரரை வைத்து மேட்டை ஒட்டி மண்ணை வெட்டினாலும் அபராதம் வரும்.

வெள்ளக் காப்பீட்டை நிறுத்தாதீர்கள். கடல் முன்பக்கம் வந்தால்தான் மேடு தடுக்கும். லாங் பீச் தீவு போன்ற இடத்தில் பின்பக்கம் இருக்கும் உப்பங்கழி நீர் ஏறித் தெருவுக்குள் வரும், அதற்கும் மேட்டுக்கும் சம்பந்தம் இல்லை. மத்திய அரசின் திட்டத்தில் வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளிருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர். புதிதாக எடுத்தால் பொதுவாக 30 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். புயல் செய்தி வந்தபின் ஓடிப் பயனில்லை. க்ளோசிங் சமயத்திலேயே எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு நார்ஈஸ்டர் புயலுக்குப் பிறகும் (வடகிழக்குக் காற்றோடு வரும் புயல்) கடற்கரைப் பக்கம் போய் அரிப்பு எவ்வளவு என்று குறித்து வையுங்கள். சில நேரம் மேடு செங்குத்தாக வெட்டுப்பட்டு, ஓர் ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிற்கும், அதன் விளிம்பில் நிற்பது ஆபத்து. நகராட்சிக்குப் படத்தோடு எழுதுங்கள். என் நண்பர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். தெருமுனைப் பொதுப்படியின் கடல் பக்கம் எத்தனை படிகள் மணலுக்கு மேலே தெரிகின்றன என்று எண்ணி, தேதி போட்டு நோட்டில் எழுதுகிறார். வீடு வாங்கிய வருடம் நான்கு படி தெரிந்தது. போன குளிர்காலத்தில் ஒன்பது.